கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும் சாலையில் இன்று வளைவுக்கு ஒரு தங்குமிடம் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் வளைவில் எங்கள் வீட்டு முன்னறை மட்டும்தான். அதுவும் அம்மா போராடி வாங்கியது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அந்த அறையில் ரப்பர் ஷீட் காயப்போடக் கயிறு வாங்கி வைத்திருந்தார். முதலில் வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டால் அறை அம்மாவுக்கு, திரும்பிப் போனால் கயிறு கட்டப்படும் என்று பேச்சு.

வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'தங்க அறை உண்டு' என்று பலகையில் எழுதி ரோட்டோரம் நட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மதுரையிலிருந்து கணவனும் மனைவியுமாகக் காரில் வந்து இறங்கினார்கள். மலையைப் பார்த்தார்கள், அதன்மேல் பனிபோல் இறங்கிய மஞ்சைப் பார்த்தார்கள், கறுப்புக்கட்டிக் காப்பியும் குடித்தார்கள். அறைக்குள் போன மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"உள்ள என்னமோ செத்துக் கெடக்குங்க."

மூன்று தடவை கழுவிய தரை அது. அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஏலே மக்கா, கட்டிலுக்கடியில பாரு. எலி வல்லதும் கிடக்கா?"

தவழ்ந்து போனேன். ஒரு சாக்கு இருந்தது. அதை நகர்த்தி, பின்னால் துழாவி, பழையபடி ஒழுங்காக வைத்துவிட்டு வந்தேன். அப்பா ஓட்டுக்கடியில் ஏறிப் பார்த்தார். அம்மா சாம்பிராணி போட்டாள். மதுரைக்காரர் பையைத் திரும்பக் காரில் வைக்கத் தொடங்கினார்.

"நல்லா பாத்தியால?" அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தேம்மா. ஒண்ணும் இல்ல. ஒட்டுப்பால் சாக்குதான் கிடக்கு."

"அது என்னதுப்பா?" என்றார் மதுரைக்காரர், டிக்கியை மூடாமல்.

ரப்பர் மர வெட்டிலும் பால் வடியக் கட்டும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பாலை உரித்துச் சேர்ப்பதுதான் ஒட்டுப்பால். மழைக்கு நனையாமல் இருக்க அப்பா வைத்தது. இழுத்து வந்து முற்றத்தில் போட்டேன். மதுரைக்காரரின் மனைவி பத்தடி பின்னால் போனார். "இதேதான்."

என் அம்மா குனிந்து, சாக்குக்குள் முகத்தை விட்டு, நிதானமாக மோந்து பார்த்தாள். "இதுக்கா அக்கா? இது ரப்பர்லா." பிறகு நெஞ்சில் கைவைத்து, "அப்போ எலி ஒண்ணும் சாவல்ல" என்றாள், கொலைக்கேஸ் தள்ளுபடியானதுபோல.

மதுரைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மனைவிக்கும் வந்தது. பை காரிலிருந்து இறங்கியது. அப்பா சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை அவர் வாங்கிய கயிற்றில் விருந்தாளிகளின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் மூவருக்கும் தெரியாத அந்த வாடை, ஊருக்கெல்லாம் தெரியுமென்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன் மழை நாளில்கூட ஜன்னலைத் திறந்துவைத்து அந்த ஓரத்தை எனக்கே விட்டுக்கொடுப்பான். அவனுக்கு என்மேல் கொள்ளைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.