கேத்ரினுக்குத் தூக்கம் வந்த இடம்

வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் கேத்ரின். முப்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. புருஷன் கஸ்பருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வந்து போவான். மலையில் அவள் நிற்கும் பக்கம் சிரிப்புச் சத்தம் ஓயாது என்பார்கள். அந்த நவம்பர் மழைக்கு முன்பு வரை அப்படித்தான்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைக் கண்டதும், பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் மேட்டிலிருந்த மாதா கோயிலுக்கு ஏறினார்கள். பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில் இருந்த மீனம்மா பாதி வழியில் நின்றாள்.

"அடுப்புல சோத்த வச்சிட்டு வந்துட்டேன் கேத்ரினு. மனுசன் வேல முடிஞ்சு பசியோட வருவாரு. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துரவா?"

"போய்ட்டு வாங்கக்கா. அஞ்சு நிமிசத்துல என்ன ஆயிறப் போகுது?" என்றாள் கேத்ரின்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் மண் இறங்கிவிட்டது. லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடம் தெரியவில்லை. மீனம்மாவின் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்.

ஆறு வாரம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். பாடம் தொடங்க வேண்டிய நாள் வந்ததும், மிஞ்சியிருந்த காம்பராக்களுக்கே திரும்பிப் போகச் சொன்னார்கள். மண்ணைச் சோதிக்க வந்த அதிகாரிகள் சுவரில் ஒரு சிவப்பு அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். இங்கே இருப்பது ஆபத்து என்று அதில் இருந்தது. வேறெங்கே இருப்பது என்று எழுதவில்லை.

கேத்ரினின் காம்பராச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. படுத்தால் கூரைத் தகரம் நெஞ்சின் மேல் வந்து உட்காரும். சுவரில் சாயவும் பயந்து, நடு அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே விடியவைத்தாள். டிஸ்பென்சரி மாத்திரை தலையைச் சுற்றவைத்ததே தவிர தூக்கத்தைத் தரவில்லை. இரண்டு முறை மலையிலேயே கூடையோடு விழுந்தாள். "போய்ட்டு வாங்கக்கா" என்று தான் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. கஸ்பரிடமும் சொல்லவில்லை.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து விறகு பொறுக்க மலை முகட்டுக்கு ஏறினாள். அங்கே மண் குறைவு, பெரும்பாலும் பாறைதான். இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே பச்சைத் துணி மூட்டை ஒன்று தொங்கியது. அது அசைந்ததும் கேத்ரின் கத்திவிட்டாள். மூட்டைக்குள்ளிருந்து ஒரு இளம்பெண் தலையை நீட்டினாள்.

"பயப்படாதீங்கக்கா. நான் ஹட்டன்ல டீச்சர். பேரு கேஷிகா. கேம்பிங் வந்தோம், மத்தவங்க தண்ணி எடுக்கப் போயிருக்காங்க. இது ஹெமொக்கு. இதுலதான் ராத்திரி தூங்குனேன்."

"பெரிய ஆளுக்குத் தொட்டிலா!"

"ஏறிப் பாக்குறீங்களா? நடுவுல உக்காந்து, கொஞ்சம் கோணலா சாஞ்சு படுங்க. நேரா படுத்தா முதுகு வளைஞ்சிரும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். துணி இரண்டு பக்கமும் எழும்பி அவளை அணைத்துக்கொண்டது. மேலே தகரம் இல்லை. கீழே மண்ணும் முதுகைத் தொடவில்லை. இலைகளுக்கிடையே வானம் ஆடியது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் ரயிலுக்குப் போய்விட, கேஷிகா மட்டும் பாறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஐயோ டீச்சர், நீங்க போற ரயிலு போயிருச்சே!"

"பஸ்ஸுல போய்க்கலாம். நீங்க தூங்குன தூக்கத்தப் பாத்து எழுப்ப மனசு வரலக்கா."

கேத்ரின் துணிக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை கேஷிகா தன்னிடமிருந்த இன்னொரு ஹெமொக்கைக் கொண்டுவந்தாள். அன்றிரவு இருவரும் முகட்டில் தங்கினார்கள். மரத்தை அறுக்காமலிருக்க அகலமான பட்டியால் கட்ட வேண்டும். மேலே காய்ந்த கிளை இருக்கக்கூடாது. மழை வந்தால் கயிறு வழியே ஓடும் தண்ணீர் துணியை எட்டுமுன் சொட்டிவிட, இடையில் ஒரு நூல் கட்டிவிட வேண்டும். இவையெல்லாம் கேஷிகா சொல்லிக் கொடுத்தாள். குளவிக்கூடு எந்தப் பக்கம் இருக்கும் என்பதைக் கேத்ரின் காட்டினாள். விடியும்போது பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து ரயில் கூவியது. பதினைந்து வருடமாக ஏறி இறங்கும் மலைதான். அது விடிவதை அவள் ஒருநாளும் படுத்திருந்து பார்த்ததில்லை.

அதன் பிறகு நிவாரணத்தில் கிடைத்த தறப்பாள் விரிப்பை மேலே கட்டி, அவள் தனியாகவும் போகத் தொடங்கினாள். முதலில் பயத்தால் போனாள். பிறகு, சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்து போனாள்.

லயத்தில் பேச்சுக் கிளம்பியது. மீனம்மாவின் ஆவி அவளைப் பிடித்துக்கொண்டது என்றார்கள். கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மலையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"மரத்துல ஆளு தொங்குதுன்னு வெளிய பேசுனா தோட்டத்துக்குத்தான் கேவலம். சிறுத்தப்புலி அடிச்சா யாரு பதில் சொல்றது?"

"செவுரு விழுந்தா யாருங்கையா பதில் சொல்றது?"

கண்டாக்கு திரும்பி அடுத்த ஆளின் கூடையைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம், மரத்தில் விட்டுவந்த பட்டிகளை யாரோ துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். செய்தி கொழும்புக்கும் போனது. "பொம்பள காட்டுல படுக்குறாளாம். மானம் போகுது," என்று கஸ்பர் போனில் கத்தினான். அந்த மாதம் அவன் வரவில்லை.

கேத்ரின் ஹட்டன் கடையில் பட்டி வாங்கி மறுபடியும் கட்டினாள்.

ஒரு ஞாயிறு காலை, அவள் தறப்பாளை மடித்துக்கொண்டிருந்தபோது நல்லமுத்து முகட்டுக்கு ஏறி வந்தார். மீனம்மாவின் புருஷன். தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"இதுல தூக்கம் வருதாமே தங்கச்சி?"

"வருதுங்கண்ணே. படுத்துப் பாருங்க."

அவர் படுத்தார். துணி ஆடி நின்றது. அதற்கு மேல் கேத்ரினால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அக்கா நின்னு கேட்டுச்சு. நான்தான் போய்ட்டு வாங்கன்னு சொன்னேன். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

நல்லமுத்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த இரண்டு வாரம் வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போனார். மன்னிப்புக் கிடைக்காது என்று கேத்ரின் முடிவுசெய்துகொண்டாள். முகட்டிலும் தூக்கம் கெட்டது.

மூன்றாவது வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரே வந்து பக்கத்தில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பட்டி ஹட்டன்ல எந்தக் கடையில வாங்குன?"

அவள் கடையைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மீனம்மாவைப் பற்றி இருவரும் அதன் பிறகு பேசியதில்லை.

வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள்; யார் யாருக்கு என்ற பட்டியல் இன்னும் வரவில்லை. கஸ்பர் இப்போது வருகிறான். ஆனால் முகட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வார நாட்களில் கேத்ரின் இன்னும் பாதித் தூக்கம்தான் தூங்குகிறாள். சனிக்கிழமை வேலை முடிந்து, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையேறினால், பாறைக்கு அந்தப் பக்கம் நல்லமுத்து தன் நீலத் துணியை முன்னமே கட்டியிருப்பார். ஒருவருக்கொருவர் கையை மட்டும் காட்டிக்கொள்வார்கள். மழை கறுத்தால் முதலில் பார்ப்பவர் மற்றவரைக் கூப்பிட, இருவரும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு இறங்கிவிடுவார்கள்.