வலி நின்ற காலை

துணிக் கம்பெனியில் இஸ்திரி போடும் அவளுக்கு ‘இரும்பு’ என்று பட்டப்பெயர். மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெண்களிடம், “எனக்கும்தான் வலிக்குது, நான் நிக்கலையா?” என்று கேட்பாள். நல்ல மனசுதான், வாய்தான் அப்படி.

அன்றைக்குத் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, சாயங்காலத்துக்குள் வலது அடிவயிற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வாந்தி வேறு. மாதக் கணக்கும் ஒத்துவந்ததால் யாருக்கும் சந்தேகமில்லை, அவளுக்கே இல்லை. கணவன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று சட்டையை மாட்டினான்.

“நாங்கெல்லாம் பொம்பளையா பொறக்கலையா? இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?” என்றாள் மாமியார், வெந்நீர்ப் பையை நீட்டியபடி.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான். பாவி மனுஷன், போட்ட சட்டையோடு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கக் கூடாதா!

விடிய விடியப் புழுவாய்த் துடித்தாள். விடிந்ததும் வலி சட்டென்று நின்றது. “போன உயிர் திரும்பிவந்த மாதிரி இருக்கு அத்தை” என்று அழுதாள், சிரித்தாள், மகளுக்குத் தலைகூட வாரிவிட்டாள். மத்தியானம் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகையாய் இறுகிவிட்டது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளுக்குச் சாகப்போகிறோமோ என்று பயம் வந்தது. மகளுக்கு ஆறு வயதுதான். தலைமாட்டில் மாமியார் டாக்டரம்மாவிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தாள்.

“கொய்யாக்காயைக் கொட்டையோட முழுங்குவா. அதனாலயாம்மா?”

“கொட்டை மேல பழி போடாதீங்க. குடல்வால்னு ஒண்ணு இருக்கு. அதோட வாய் அடைச்சா வீங்கிச் சீழ் வைக்கும். பெரும்பாலும் இறுகின மலம்தான் அடைக்கும். ஆம்பளைக்கும் இதேதான். ஆனா பொம்பளைக்கு வந்தா மட்டும் மாசவலின்னு விட்டுடறீங்க. சரி, வலி எப்படி இருக்கு?”

ஒரு நல்ல செய்தியாவது தன்னிடம் இருக்கிறதே என்று கணவன் முந்திக்கொண்டான். “அது காலையிலேயே நின்னுடுச்சு டாக்டர்! இப்ப காய்ச்சல் மட்டும்தான்.”

டாக்டரம்மா அவள் வயிற்றை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். “வலி நின்னது குணமாகி இல்ல, குடல்வால் உள்ளே வெடிச்சதால. தியேட்டரைத் திறங்க, சீக்கிரம்!” என்று கத்தினாள்.

ஸ்ட்ரெச்சர் ஓடியது. கூடவே ஓடிய கணவனின் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

“நான் வந்தாலும் வராட்டியும் ஒண்ணு சொல்றேன். பாப்பா பெரியவளாகி வயிறு வலிக்குதுன்னா, தேதி பாக்காதீங்க. தூக்கிட்டு ஓடுங்க.”

கதவு வரைக்கும் அந்தச் சட்டையை அவள் விடவில்லை.