டெர்க்கின் தொப்பை போன இடம்

என் புருஷன் டெர்க்குக்கு வாழ்க்கையில் இரண்டே பெருமைகள். ஒன்று அவனுடைய தொப்பை. இன்னொன்று அந்தத் தொப்பையால் கிடைத்த இடம். எங்கள் ஊர்க் கயிறு இழுக்கும் அணியில் அவன்தான் கடைசி ஆள். முன்னால் இருக்கும் ஏழு பேர் கயிற்றைக் கையால் மட்டும் பிடித்திருப்பார்கள். எட்டாவது ஆள் அதை அக்குளுக்கு அடியில் விட்டு, முதுகைச் சுற்றித் தோள்மேல் போட்டுக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்பான். அணியில் யார் கனமோ அவனுக்குத்தான் அந்த இடம் என்பது எங்கள் ஊர் வழக்கம். டெர்க் அங்கே நிற்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேறு எதிலும் அவன் கடைசியாக நிற்க மாட்டான், ரொட்டிக்கடை வரிசையில்கூட.

எங்களுக்கு மாட்டுப் பண்ணை. நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்து ஆக்டர்ஹுக்கில், சைக்கிளை மிதித்தால் ஜெர்மனி வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. டெர்க் பிறந்தது இதே வீட்டில்தான். பள்ளிக்கூடம் அவனுக்கு ஒட்டவில்லை, மாடு ஒட்டியது. ஊர்த் திருவிழாவில் பீர்க் கொட்டகைக்குள் வைத்துத்தான் என்னிடம் முதலில் பேசினான். எனக்குப் பின்னால் நின்றவன் என்னைப் பார்த்துச் சிரித்ததைப் பொறுக்க முடியாமல் அவசரமாக வந்து பேசியதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டான். பொறாமை அவனோடு கூடப்பிறந்தது. அடுத்த பண்ணைக்குப் புது டிராக்டர் வந்தால் இவன் வாயே திறக்க மாட்டான். என் தம்பி மார்ட்டன் எங்கள் புல்வெளிக்கு அந்தப்புறம் பண்ணை வாங்கி, இவனைவிட அதிகம் பால் கறக்க ஆரம்பித்தபோது, "அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டறான், பாலுக்கும் காட்டறான்" என்று ஒரு மாதம் புலம்பினான்.

கல்யாணமான நாளிலிருந்து பீரைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்று வருஷம். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். போன வருஷம் வசந்தத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறி, டாக்டரம்மா அவனை முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"மூணு வேளைச் சாப்பாட்டுக்கு மேல தினமும் அரை ரொட்டி குடிக்கறீங்க, தெரியுமா?"

"அது ரொட்டி இல்லை டாக்டர், பீர்."

"உங்க உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். இப்படியே போனா உங்க பொண்டாட்டி தனியாத்தான் மாடு கறக்கணும்."

வீடு வரும் வழி முழுக்க நான் அழுதேன். அவன் வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தான்.

கடைசியில் அவனை நிறுத்த வைத்தது பயிற்சியாளர் வெஸல். எங்கள் அணி அதுவரை கனமானவர்கள் பிரிவில் இழுத்தது. கனத்தவர்கள் சிலர் முட்டி போய் ஒதுங்கிவிட்டதால், இனி 640 கிலோ பிரிவில் தேசியப் போட்டிக்குப் போகலாம் என்றார் வெஸல். எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து 640க்கு மேல் ஒரு கிராம் போனாலும் அணியே வெளியே. எங்கள் தொழுவத்தில் கன்றுக்குட்டிகளை நிறுக்கும் மேடையில் எல்லோரையும் ஏற்றிப் பார்த்தார்கள். பத்து கிலோ அதிகம். அதில் டெர்க் மட்டும் 98. எல்லோரும் அவன் வயிற்றைப் பார்த்தார்கள்.

"என்னடா பாக்கறீங்க? நான் குடியை விட்டா போதும், உங்க எல்லாருக்கும் சேர்த்து நானே இறக்கிடுவேன்" என்றான் டெர்க். ரோஷம்தான். சொன்னபடி விட்டும்விட்டான்.

விட்ட பிறகுதான் அவனுடைய பொறாமையின் முழு அகலத்தையும் பார்த்தேன். வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்து கிளப் கேண்டீனில் மினரல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆல்கஹால் இல்லாத பீரை வாங்கிக் கொடுத்தேன். "பீர் பாட்டில் கழுவின தண்ணியை எனக்கே விக்கறாங்க" என்றான். மார்ட்டனின் பிறந்த நாளுக்குப் போனோம். எங்கள் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லோருக்கும் எல்லோரும் வாழ்த்துச் சொல்லி, காபியும் கேக்கும் முடிந்து பீர் வந்தது. டெர்க் என் காதருகே வந்து, "உன் தம்பி மூணாவது எடுத்துட்டான், பாத்தியா? நுரை மீசையில ஒட்டியிருக்கு, துடைக்கக்கூட மாட்டேங்கறான்" என்றான். வீட்டுக்குக் கிளம்பும்வரை அந்த நுரையை விட்டு அவன் கண் நகரவில்லை.

ஆனாலும் எடை இறங்கியது. சாயங்காலங்களில் என்னோடு கால்வாய்வரை சைக்கிளில் வந்தான். குறட்டை நின்றது. காலையில் தொழுவத்தில் விசில் அடித்தான். கண் பட்டுவிடும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜூலையில் கன்று மேடை அவனுக்கு 86 காட்டியது.

டெர்க் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். அடுத்து, அதே அணியில் இழுக்கும் மார்ட்டன் ஏறினான். 92.

"ஏண்டா, போன மாசத்தைவிட ஏறியிருக்கே?" என்றான் டெர்க்.

வெஸல்தான் பதில் சொன்னார். "நான்தான் சாப்பிடச் சொன்னேன். நீ எதிர்பார்த்ததைவிட நிறைய இறக்கிட்டே. அந்த இடம் சும்மா இருக்கக் கூடாதில்லையா? அவனுக்கு வயசு இருக்கு, கனத்தைப் போட்டா அது பலமாகும். தினம் பேக்கன் போட்ட பேன்கேக்கும், ஆசைப்பட்டா ரெண்டு பீரும்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப கடைசி ஆள்?"

"கனமானவன்தானே டெர்க். நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா?"

கடைசி ஆள் போடும் தடித்த மேலங்கி ஒன்று உண்டு, கயிறு முதுகை அறுக்காமல் இருக்க. அது எங்கள் தொழுவத்து ஆணியில்தான் எப்போதும் தொங்கும். அதை டெர்க்கே கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. மார்ட்டன் போட்டுப் பார்த்தான். பொருந்தியது. அன்றிலிருந்து டெர்க் ஐந்தாவது ஆள்.

இரவு சாப்பாட்டில் அவன் உருளைக்கிழங்கைத் தொடவில்லை.

"அது யார் தொப்பை, சொல்லு" என்றான்.

"யாரோடது?"

"என்னோடது. நான் வாயைக் கட்டி இறக்கினேன். உன் தம்பி அதை எடுத்து மாட்டிட்டுத் திரியறான். நான் குடிக்காத பீரையெல்லாம் அவன் குடிச்சு, என் வயித்தை வளர்த்து, என் இடத்துல நிக்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அது தப்பாகப் போயிற்று.

ஆகஸ்டில் வெஸல் கேரவனை இழுத்துக்கொண்டு பிரான்சுக்கு விடுமுறை போனார். அவர் இல்லாமல் எடை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டெர்க் சைக்கிளுக்கு வருவதை நிறுத்தினான். பால் கறந்ததும், எல்லையில் வேலி தொய்ந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவான். திரும்பும்போது வாயில் பெப்பர்மிண்ட் மணக்கும். எங்கள் வேலியைப் பற்றி எனக்குத் தெரியும், அவ்வளவு மோசமில்லை. ஒரு சாயங்காலம் பின்னாலேயே போனேன்.

மார்ட்டனின் கொட்டகையில், கவிழ்த்த பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு பாட்டில், காலடியில் இரண்டு, மடியில் இறைச்சியை உருட்டிப் பொரித்த குரோக்கெட் பொட்டலம்.

"என்ன பண்றே?"

"திருப்பி வாங்கறேன்."

"எதை?"

"என் எடையை. இது அவன் பீரு, டீனி. இதுல ஒண்ணு நான் குடிச்சா எனக்கு ஏறும், அவனுக்கு ஒண்ணு குறையும். ரெண்டு பக்கமும் லாபம்."

"டாக்டரம்மா சொன்னது?"

"அந்தம்மா கயிறு இழுத்திருக்காங்களா?"

"மொத்தம் 640ஐத் தாண்டினா எட்டு பேரும் வீட்டுக்குத்தான் வரணும். நீயும்தான்."

"வரட்டும். நான் அஞ்சாவது ஆளா நின்னு ஜெயிக்கறதுக்கு, எல்லாருமே வரட்டும்."

அவன் அதை மனதார நினைத்துத்தான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சர்க்கரை ஏறிப் படுத்தாலும் பரவாயில்லை, ஊர் தோற்றாலும் பரவாயில்லை, மார்ட்டன் மட்டும் அங்கே நிற்கக் கூடாது அவனுக்கு. வெஸலுக்குப் போன் செய்யலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். செய்யவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போட்டி செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை. முந்தின நாள்தான் வெஸல் வெயிலில் சிவந்துபோய் வந்து சேர்ந்தார். மைதானத்துக் கூடாரத்தில் ஒவ்வொருவரும் அரைக்கால் சட்டையோடு எடை மேடையில் ஏற, அதிகாரி எண்ணை உரக்கப் படித்து, தொடையில் முத்திரை குத்தினார். முதல் ஆறு பேர் சொன்ன எடையில் இருந்தார்கள். டெர்க் ஏறினான்.

"தொண்ணூத்தி ஒண்ணு."

வெஸலின் சிவப்பு முகம் வெளுத்ததைப் பார்த்தேன். 86ஐ மனதில் வைத்து அவர் போட்ட கணக்கில் ஐந்து கிலோ ஓட்டை விழுந்துவிட்டது. டெர்க் இறங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்த காரியம் முடிந்தவனின் முகமாக அது இல்லை. இருபது வருஷமாகப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ட்டன் சட்டையைக் கழற்றினான். அப்போதுதான் கவனித்தேன். விலா எலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"எண்பத்தி நாலு."

அதிகாரி கூட்டிச் சொன்னார். 637. அணி உள்ளே.

ஆட்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். டெர்க் மட்டும் மார்ட்டன் எதிரே போய் நின்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் கொட்டகையில என் பீர் காணாமப் போனா எனக்குத் தெரியாதா மச்சான்?"

"பூட்டுப் போட்டிருக்கலாமே."

"போட்டா நீ கடையில வாங்கிக் குடிச்சிருப்பே. அப்ப எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"நான் எவ்வளவு ஏறினேன்னு எப்படிக் கணக்குப் போட்டே?"

"எங்கே போட்டேன்? தெரியலை. அதனாலதான் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறக்கினேன். ராத்திரி பட்டாணி சூப்பு வாசனைக்கே அழுகை வந்துடும்."

வெஸல் கையில் அந்த மேலங்கி இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். மார்ட்டன் அதை வாங்கி டெர்க் தோளில் போட்டான். "கனமானவன்தானே பின்னாடி" என்றான்.

டெர்க் மறுத்திருக்கலாம். என் புருஷன் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை. போட்டுக்கொண்டான். கயிற்றைத் தோள்மேல் விட்டு, குதிகாலை ஊன்றி, நாள் முழுக்க இழுத்தான். இறுதிச் சுற்றில் எதிரணியால் அவனை ஒரு சாண்கூட அசைக்க முடியவில்லை. எங்கள் ஊர் முதல் தடவையாக நெதர்லாந்துச் சாம்பியன் ஆனது. அணியின் படத்தில் ஏழு பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டெர்க் பக்கவாட்டில் மார்ட்டனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்று பீர்க் கொட்டகையில் மார்ட்டன் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து நீட்டினான். டெர்க் வேண்டாம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

காரை நான்தான் ஓட்டினேன். மெடலைக் கையில் உருட்டிக்கொண்டு வந்தவன், எங்கள் ஊர் தேவாலயக் கோபுரம் தெரிந்ததும் பேசினான்.

"தலையில முடி அவனுக்கு. வயசு அவனுக்கு. பாலும் அவனுக்குத்தான் நிறைய. நல்ல மனசும் அவனுக்கே இருக்கணுமா?"

"நீ ஜெயிச்சுட்டே, டெர்க். உன் இடத்துலதான் நின்னே."

"அவன் குடுத்து நின்னேன். அடுத்த வருஷம் பாரு. அவன் இறக்கறதுக்கு முன்னாடி நான் இறக்கிக் காட்டறேன். இந்த அங்கியை நான் அவன் தோள்ல போடறேன்."

இது வெறும் பேச்சு என்றுதான் நினைத்தேன். இல்லை. கிறிஸ்துமஸ் போய், குளிர்காலம் போய், ஊர்த் திருவிழாவும் போயிற்று. டெர்க் ஒரு சொட்டுத் தொடவில்லை. பீர்க் கொட்டகைக்குள்ளே மினரல் தண்ணீர் பாட்டிலோடு கம்பீரமாக நின்றான். சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டரம்மா தன் பேச்சுதான் வேலை செய்தது என்று நம்புகிறாள், நானும் மறுக்கவில்லை. டெர்க்கின் சபதத்தைக் கேள்விப்பட்டு மார்ட்டனும் எடையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் நிறுத்த ஒரு கனமான ஆள் இல்லையே என்று வெஸல் தலையில் அடித்துக்கொள்கிறார்.

நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். புருஷன் பிழைத்துக்கொண்டான். சாயங்காலம் கால்வாய்வரை சைக்கிள் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. இருபத்து மூன்று வருஷம் நான் கேட்டேன். எனக்காக ஒரு பாட்டில் குறைந்ததில்லை. என் தம்பி வாயையே திறக்காமல் ஒரு கொட்டகையைப் பூட்டாமல் விட்டான், அவ்வளவுதான். டெர்க்குக்குப் பிடிக்காதவன் அவன், ஆனால் அவனுக்காகத்தான் டெர்க் குடியை விட்டான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மார்ட்டன் காபிக்கு வந்தான். ஆப்பிள் கேக்கில் அவனுக்கு மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தேன். வேண்டுமென்றேதான்.

"இதுதான் சரியான அளவு அக்கா. உனக்குத்தான் என் மேல எவ்வளவு அக்கறை" என்று சொல்லி, அதையும் சந்தோஷமாகத் தின்றுவிட்டுப் போனான்.