ஆறு கிலோவுக்கு ஒரு கடிகாரம்

போன வாரம் என் கைக்கடிகாரம் நின்றுபோனது. டவுனில் எனக்குப் பழக்கமான ரிப்பேர் கடை ஒன்று உண்டு. கடை என்றால் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் கண்ணில் லென்ஸோடு ஒரு பாய். பின்மூடியைத் திறந்து பார்த்தார்.

"செல்லு தீந்துட்டு சார், வேற ஒண்ணுமில்ல. நல்ல வாட்ச்சு. யாரு வாங்கித் தந்தது, பிள்ளையளா?"

"நானேதான் எனக்குப் பரிசா வாங்கிக்கிட்டேன்."

லென்ஸைக் கழற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "நமக்கு நாமளே பரிசா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, செல்லைத் தேட ஆரம்பித்தார்.

அவரிடம் முழுக்கதையும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. வாராவாரம் என் அசட்டுத்தனங்களைப் படித்துப் பழகிய உங்களிடம் என்ன வெட்கம்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் எடை எண்பத்தெட்டு கிலோ. பாளையங்கோட்டையில் எங்கள் டாக்டர் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஜூனியர். அதனால் மரியாதையோடு திட்டினார்.

"அண்ணாச்சி, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. பத்து கிலோ குறைக்கணும். சரி, ஒரு நல்ல காரியம் முடிச்சா என்ன செய்வீங்க?"

என்ன செய்வேன்? அல்வா சாப்பிடுவேன். இந்தப் பத்தியை எழுதி முடித்தால் அல்வா. கரண்ட் ஆபீஸ் க்யூவில் நின்று வந்தால் உளுந்த வடை. கெட்ட சேதி வந்தால்... அதற்கும் அல்வாதான், மனசைத் தேற்ற வேண்டாமா?

"இனிமே உங்களுக்கு நீங்களே பரிசு குடுங்க. ஆனா அது வாய்க்குள்ள போற சாமானா இருக்கக்கூடாது" என்றார் டாக்டர்.

யோசனை பிடித்துப்போயிற்று. ஒரு பட்டியல் போட்டேன். ஒரு கிலோ குறைந்தால் புதுப் பேனா. இரண்டுக்கு ஒரு அரைக்கைச் சட்டை. மூன்றுக்கு, குறுக்குத்துறையில் ஆசை தீரும்வரை ஆற்றுக் குளியல் — பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரும் கூப்பிடக் கூடாது. ஆறு கிலோவுக்கு வாட்ச்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் போவேன். ரயில் ஏற அல்ல, எடை பார்க்க. கலர் கலராக விளக்கு சுற்றும் அந்த மிஷினில் ஏறி நின்றால் அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடை குறையக் குறைய எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் கேலி செய்வார்களே! "என்ன அத்தான், தொந்தியை எங்கன கழட்டி வச்சீங்க?" என்று மச்சினன் ஒருவனே போதும், ஊரைக் கூட்டிவிடுவான்.

ஐந்தரை கிலோ குறைந்திருந்தபோது என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பெண் எடுத்தது களக்காட்டில். அண்ணன் காலமாகிவிட்டதால் மாப்பிள்ளைக்கு அப்பா ஸ்தானத்தில் நான்தான் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கள், மேலே எலுமிச்சம்பழம் பிழிந்த குழம்பு. கூட இஞ்சிப் பச்சடி. கல்யாணச் சாப்பாட்டில் ஏதாவது குறை இருந்தால்கூட நம் ஆட்கள் மன்னித்துவிடுவார்கள். சொதியில் இருந்தால் மன்னிக்க மாட்டார்கள். அது சம்பந்திக்குச் செய்யும் மரியாதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலை இலை எனக்கு. பெண்ணின் அப்பா, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பரிமாற ஆள் இருந்தும் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. இன்னும் அரை கிலோதான்... வாட்ச் என் கண்ணுக்குள் நின்றது. இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தேன்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. கொஞ்சம் மோர் மட்டும் விடச் சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. "ஏன் அண்ணாச்சி? ஏதும் கொறையா?"

"ஒண்ணுமில்ல. வேண்டாம்."

'உடம்பைக் குறைக்கிறேன்' என்று இரண்டே வார்த்தை. பக்கத்து இலையில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவன் கேலிக்குப் பயந்து அந்த இரண்டு வார்த்தையை விழுங்கினேன். அன்றைக்கு நான் விழுங்கியதிலேயே கெடுதலானது அதுதான். ஒரு பிடி மோர்ச்சோற்றைச் சாப்பிட்டு, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

தலை இலைக்காரர் எழுந்தால் பந்தி என்ன செய்யும்? மச்சினனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அத்தான் எந்திச்சிட்டாக. பிறகு நமக்கென்னவே சாப்பாடு?" என்று அவனும் இலையை மூடினான். அவனைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். எங்கள் வரிசை முழுக்கப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கைகழுவிவிட்டு, வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு, கடிகாரத்துக்குக் கறுப்பு வாரா, பழுப்பு வாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள் நான்!

திங்கட்கிழமை காலை மிஷினில் ஏறினேன். எண்பத்திரண்டு! அட்டையின் மறுபக்கம், 'நல்லவர் ஒருவரின் நட்பு கிட்டும்' என்று இருந்தது. நேராகக் கடைக்குப் போனேன். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, வழியில் இரண்டு நண்பர்களிடம் காட்டிக்கொண்டு, பையப் பைய வீடு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.

மனைவி வாசலிலேயே நின்றாள்.

"களக்காட்டு அண்ணாச்சி வந்திருந்தாக. மொத பஸ்ஸுல வந்து பன்னெண்டு மணி வரைக்கும் இருந்துட்டுப் போனாக."

"எதுக்கு?"

"எதுக்கா? நேத்து நீங்க எந்திச்சு வந்ததுல அங்கன ஒருத்தரும் சாப்பிடலையாம். கல்யாணப் பொண்ணு, அந்தப் பிள்ளை விடிய விடிய அழுதிருக்கு. 'என்ன கொறை வச்சேன்னு அண்ணாச்சியைச் சொல்லச் சொல்லுங்க தங்கச்சி. எம் பொண்ணு மேல மட்டும் அதைக் காட்டிர வேண்டாம்'னு இந்த நாற்காலியில உக்காந்து கண்ணு கலங்குதாக."

"நீ சொல்ல வேண்டியதுதானே, நான் டயட்ல இருக்கேன்னு?"

"சொன்னேன். 'சரி தங்கச்சி, அண்ணாச்சி மனசு ஆறட்டும், பொறவு வாரேன்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக. நம்பலை."

மேஜை மேல் ஒரு தூக்குவாளி இருந்தது. விடியற்காலையில் எழுந்து எனக்காகவே புதிதாக வைத்துக் கொண்டுவந்த சொதி. திறந்தேன். தேங்காய்ப்பால் அல்லவா... ஒன்றரை மணி நேர பஸ் பயணம், அப்புறம் வெயில் ஏற ஏற எனக்காகக் காத்திருந்த நேரம். கெட்டுப்போயிருந்தது. புதுக் கடிகாரம் கட்டிய கையாலேயே அதைக் கொல்லையில் கொட்டினேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு களக்காட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அத்தாட்சிக்கு எடை அட்டையைக் காட்டினேன். அதோடு விட்டேனா? வாட்ச்சையும் காட்டினேன்! இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார்.

இந்த முறை நம்பிவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

அதற்குப் பிறகு நாலு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சொதி இல்லை. "அண்ணாச்சிக்கு ஆகாது" என்று எனக்கு எண்ணெய் விடாத தோசை, மோர்ச்சோறு. நான் பார்த்து ஏங்கிவிடக் கூடாதென்று, நான் போகும் நாளில் அங்கே யாருக்குமே சொதி கிடையாதாம். எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளை இன்றைக்கும் எனக்குப் பரிமாறினால், முதல் கவளம் வாய்க்குள் போகும்வரை இலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். "உக்காரும்மா" என்றாலும் உட்காருவதில்லை.

டாக்டர் சொன்னது தப்பில்லை. நமக்கு நாம் கொடுக்கும் பரிசு பேனாவாக இருக்கலாம், சட்டையாக இருக்கலாம். மற்றவர்கள் நமக்குக் கொடுப்பதை நம் பட்டியலில் சேர்க்க முடியுமா? நம் ஊரில் பிரியமும் மரியாதையும் மன்னிப்பும் இலையில்தானே வந்து விழுகின்றன. டாக்டரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

குறைந்த ஆறு கிலோவும் எப்போதோ திரும்பி வந்துவிட்டது. புதுச் செல் போட்ட கடிகாரம் சரியாக ஓடுகிறது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்குக் களக்காட்டில் வளைகாப்பு.

அவள் அப்பா இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர். ஆகவே, இந்த வாரம் கடைசி வரி மட்டும் அவருக்கு.

அண்ணாச்சி, உங்கள் சொதியில் ஒரு குறையும் இல்லை... இந்தத் தடவை என்னைக் கேட்காமலே ஊற்றிவிடுங்கள்.