அக்கா என்று கூப்பிடாத கீப்பர்

சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடிய முதல் கால்பந்து ஆட்டத்திலேயே சுபஸ்ரீ ஒரு கோல் விட்டாள். பந்து பிடிக்கத் தெரியாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மரியாதை தெரிந்ததால் விட்டாள். சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் திருச்சி ஸ்டேடியத்தில் அன்றைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் கண்ணால் பார்த்தார்கள்.

வலது ஓரத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. சுபஸ்ரீ கோல் கோட்டைத் தாண்டி ஓடிவந்து கையைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, விடுங்க!" என்று கத்தினாள். முன்னால் நின்ற டிஃபெண்டர்கள் நாலு பேரும் அவளைவிட மூத்தவர்கள், நாலு பேரும் அக்காதான். மூன்று அக்காக்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று நல்ல பிள்ளையாக ஒதுங்கிக்கொண்டார்கள். பந்துக்கு நேராக நின்ற ரோசரி, வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து எம்பித் தலையால் முட்டினாள். அது சுபஸ்ரீயின் விரல் நுனியைத் தடவிக்கொண்டு சொந்த வலைக்குள்ளேயே போய் விழுந்தது. அந்த ஒரு கோலில் ஆட்டமும் போயிற்று.

"கல்யாணத்துக்கா அழைக்கிற? அக்கா, வாங்க, விடுங்கன்னு தாம்பூலத் தட்டோட?" என்றார் கோச் அன்புச்செல்வன். "பேரச் சொல்லிக் கத்து. ரோசரின்னா ரோசரி. கிரவுண்டுல அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது."

"சும்மா 'கீப்பர்'னு கத்தட்டுமா சார்?"

"அதை எதிர் டீம் ஃபார்வர்டும்தான் கத்துவா, நம்மள ஏமாத்த. யாரு விடணுமோ அவ பேரச் சொல்லணும். இந்த வருஷம் முடியறதுக்குள்ள கத்துக்கோ. அடுத்த வருஷத்துக்கு உங்க ரெண்டு பேர்ல ஒரு கீப்பருக்குத்தான் கான்ட்ராக்ட்."

ரெண்டு பேரில் இன்னொருத்தி தஸ்லிமா. அவளுக்குப் பத்தொன்பது வயது, சுபஸ்ரீக்கு இருபத்தொன்று.

சுபஸ்ரீயின் அப்பா தங்கையன் தொட்டியத்திலிருந்து வாழை இலை எடுத்துவந்து தில்லை நகர் ஓட்டல்களுக்குப் போடுகிறவர். வண்டியிலிருந்து அப்பா தூக்கிப் போடும் இலைக் கட்டைப் பிடித்துப் பிடித்தே மகள் கீப்பரானாள் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதிவிட்டார். படித்துவிட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலைக் கட்டை யாராவது தூக்கிப் போடுவார்களா? ஒரு இலை கிழிந்தாலே தங்கையன் தாம் தூம் என்று குதிப்பார். உண்மை என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பில் அவள்தான் உயரம். ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். "நீ அங்க போய் நில்லு" என்று கோலில் நிறுத்தினார்கள். நின்றாள். பிறகு அங்கிருந்து வர மனசில்லை. பள்ளி, கல்லூரி, மாவட்டம் என்று வந்து, புதிதாகத் தொடங்கிய இந்தப் பெண்கள் கிளப் ஒரு வருஷத்துக்கு அவளை எடுத்துக்கொண்டது.

அந்த ஒரு வருஷத்தைத் தங்கையன் ஒப்புக்கொண்டதே ரோசரியால்தான். ரோசரிக்கு முப்பத்திரண்டு வயது, டீமின் கேப்டன். ஸ்ரீரங்கத்துக்கு வீடு தேடி வந்து, ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு என் பொறுப்புங்க. நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டாந்து விடறேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். அவள் வீடு திருவானைக்கோவிலில். விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் மாம்பழச்சாலைக்கு வந்து நிற்பாள். சுபஸ்ரீ அம்மா மண்டபம் படித்துறைப் பக்கத்திலிருந்து ஓடிவந்து பின்னால் ஏறுவாள். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் வேகவைத்த முட்டை ஒன்று பின்பக்கமாகக் கைக்கு வந்துவிடும். "தின்னுடி. வெறும் வயித்துல வந்து குதிச்சா மயக்கம்தான் வரும்."

இப்படிப்பட்டவளைப் போய் "ஏ ரோசரி" என்று எப்படிக் கத்துவது? வாயை வைத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தாள். "ரோசரி! விடு!" இரண்டாவது தடவையிலேயே அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"யாரடி பேரச் சொல்லிக் கத்துற? உனக்குச் சோறு போடறவ மாதிரி பாத்துக்கறா அந்தப் பொண்ணு. நாக்கு அழுகிடும்."

"கோச்தாம்மா சொல்றாரு."

"அவருக்கென்ன, அவரா வந்து நாளைக்கு அவ மூஞ்சில முழிக்கப்போறாரு?"

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல். கோச் சொன்னதிலும் தப்பில்லை. நடுவில் கிடந்து லோல்படுகிறவள் சுபஸ்ரீ.

ஸ்கூட்டரில் போகும்போது ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டாள். "அக்கா, நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒண்ணும் நினைக்க மாட்டீங்கல்ல?"

"அட, கூப்பிடுடி. ஆட்டத்துல அதெல்லாம் பாத்தா ஆகுமா?" என்று ரோசரி சிரித்தாள்.

அடுத்த ஆட்டத்திலும் சுபஸ்ரீக்கு வாய் வரவில்லை. "ரோ..." என்று ஆரம்பித்து "...சரிக்கா" என்று முடிப்பதற்குள் பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து, எதிர் டீம்காரி அதைத் தட்டிவிட்டுப் போனாள். கோச் மூன்றாவது ஆட்டத்தில் தஸ்லிமாவின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

தஸ்லிமாவுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. வந்த முதல் கார்னரிலேயே ஸ்டேடியம் அதிர, "ரோசரி, தள்ளு!" என்றாள். ரோசரி தள்ளினாள், தஸ்லிமா பிடித்தாள், டீம் ஜெயித்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் பாலத்தின் மேல் ரோசரி பொரிந்து தள்ளினாள். "பாத்தியா அந்தச் சுண்டைக்காய? எத்தன வருஷமா ஆடறேன், என்னையத் தள்ளுங்கறா. மாதாவே, என்னா வாயி! நீயா இருந்தா அப்படிச் சொல்லுவியா? உன்னைய வளத்த விதம் அப்படி."

சுபஸ்ரீ பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்படியானால் அன்றைக்குச் சிரித்தது எதற்கு? வளர்த்த விதம் நன்றாகத்தான் இருக்கிறது, பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறது. அந்த வருஷம் முழுவதும் கிளவுஸ் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தவள் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீப்பர் வேலையில் இதுதான் கொடுமை. மற்றவர்களைக் கடைசிப் பத்து நிமிஷமாவது இறக்கிவிடுவார்கள். கீப்பரை யாரும் அப்படி மாற்ற மாட்டார்கள். தில்லை நகர் ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாமா வேறு வாரம் தவறாமல் போன் போட்டார். "வருஷம் முடியட்டும், பாப்போம்" என்று தங்கையன் சொல்லும் குரலிலேயே முடிந்துவிட்டது என்பது தெரிந்தது.

கடைசி ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு தஸ்லிமா யார் காலிலோ மோதி விழுந்தாள். எழுந்தபோது அவள் சுண்டுவிரல் கோணலாக நின்றது. கோச் சுபஸ்ரீயைப் பார்த்தார். "போ. இதை விட்டா எனக்கு உன்னைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றார்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தார்கள். சுபஸ்ரீ ஒன்றிரண்டை நன்றாகவே பிடித்தாள். கைக்கு நேராக வருகிற பந்துக்கு யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லையே. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிர் டீமுக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக, வளைந்து, அந்த முதல் ஆட்டத்தில் வந்த மாதிரியே வந்தது. அதே இடத்தில் ரோசரி எம்பத் தயாராக நின்றாள். சுபஸ்ரீக்கு முட்டை ஞாபகம் வந்தது, அம்மாவின் கரண்டி ஞாபகம் வந்தது. பெஞ்சும் ஞாபகம் வந்தது. பெஞ்சு ஞாபகம் வந்ததும் வந்ததே ஒரு கோபம்!

"ரோசரி! தள்ளு!"

வருஷம் பூராவும் தொண்டையில் கிடந்த கத்தல் அது. ரோசரி பட்டென்று குனிந்தாள். சுபஸ்ரீ அவள் தலைக்கு மேலே பாய்ந்து பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது. கோச் ஓடிவந்து அவள் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டார். "இதத்தான் கேட்டேன்! இத்தன நாளா எங்க வெச்சிருந்த? தஸ்லிமா விரல் என்னாகுமோ, அடுத்த வருஷத்துக்கு நீதான், போ!"

தாங்க முடியாத சந்தோஷம். முதலில் யாரிடம் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. ரோசரியைத் தேடிக்கொண்டு ஓடினாள். ரோசரி ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! கான்ட்ராக்ட் குடுத்துட்டாருக்கா!"

"சந்தோஷம்" என்றாள் ரோசரி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "எனக்குக் கொஞ்சம் ஜோலி இருக்கு. பஸ்ஸுல வந்துடுங்க."

வந்துடுங்க. இத்தனை நாளாக வாடி, போடி, தின்னுடி என்றவள். சுபஸ்ரீக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"ஆட்டத்துலதானேக்கா... நீங்கதானே கூப்பிடச் சொன்னீங்க."

"சொன்னேன். நீங்களும் கூப்பிட்டீங்க. நல்லாத்தான் பிடிச்சீங்க" என்று சொல்லிவிட்டு ரோசரி வண்டியைக் கிளப்பினாள்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுபஸ்ரீக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. கத்தவில்லை என்று ஒரு வருஷம் திட்டு. கத்தினதற்கு இது. என்னதான் செய்யச் சொல்கிறார்கள்?

வீட்டில் அப்பா மாமாவுக்குப் போன் போட்டு, "ரிசப்ஷன் வேலை வேணாம் மாப்ள, பாப்பா கீப்பராவே இருக்கட்டும்" என்று பெருமையாகச் சொன்னார். அம்மா கேசரி கிண்டினாள். "அந்த ரோசரிப் பொண்ணுக்கும் ஒரு டப்பால போட்டு வைக்கறேன். காலையில குடுத்துடு" என்றாள்.

மறுநாளே டீமுக்கு லீவு விட்டதில் அந்த டப்பா வீட்டிலேயே காலியாயிற்று. லீவு முடிந்து பிராக்டிஸ் தொடங்கிய அன்று, அம்மா புதிதாகக் கிண்டித் தந்த கேசரி டப்பாவோடு சுபஸ்ரீ மாம்பழச்சாலையில் நின்றாள். பால் வண்டிகள் போயின, பூ மூட்டை ஏற்றிய ஆட்டோக்கள் போயின. திருவானைக்கோவில் பக்கமிருந்து அந்த ஸ்கூட்டர் வந்தது, வேகம் குறையாமல் திரும்பிப் பாலத்தில் ஏறியது. பின் சீட்டில் யாரும் இல்லை. சுபஸ்ரீ பஸ் ஏறினாள்.

கிரவுண்டில் முதல் பந்தே உயரமாக வந்தது. ரோசரி பந்துக்கு நேராக நின்றாள். கோச் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சுபஸ்ரீ ஓடிவந்தாள். பழகின "அக்கா" நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, போன தடவையைவிடச் சத்தமாக, "ரோசரி, தள்ளு!" என்றாள்.

ரோசரி தள்ளிக்கொண்டாள். பந்து கைக்கு வந்தது. கேசரி டப்பா பைக்குள்ளேயே இருந்து, பஸ்ஸில் அவளோடு வீட்டுக்குத் திரும்பியது.