ஒரே தேதியில் தொண்ணூற்றெட்டுக் கையெழுத்து

2009 மார்ச் 23, திங்கட்கிழமை. கடலூரில் ஒரு தனியார் கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் எழிலரசி ஏழு நோட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மறுநாள் செய்முறைத் தேர்வு. பொங்கல் கழிந்து பதினான்கு நாள் கேப்பர் மலையில் மாணவர்களை அலையவிட்ட களப்பணியின் நோட்டுகள் அவை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் கையெழுத்து, அதன் கீழே தேதி. தொண்ணூற்றெட்டு முறை 23-3-2009 என்று எழுதி முடித்தபோது விரல் மரத்திருந்தது.

அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவள் படித்த காலத்திலும் நோட்டுகள் தேர்வுக்கு முதல் நாள்தான் ஆசிரியர் மேசையில் குவியும். அவரும் டீ குடித்துக்கொண்டே போட்டுத் தள்ளுவார். சிலர் தேதி போடாமல் விடுவார்கள். எழிலரசி கையெழுத்திட்ட நாளை உள்ளபடி எழுதினாள். அதைத் தன் நேர்மை என்றே நினைத்திருந்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. குறிஞ்சிப்பாடியில் வீடு. அப்பா சாமிக்கண்ணு நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். படித்துவிட்டாள், தற்காலிக விரிவுரையாளராகவும் ஆகிவிட்டாள். ஆனால் எது விதி, எது வெறும் பழக்கம் என்று பிரித்துச் சொல்ல வீட்டிலும் யாருமில்லை, வெளியிலும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்கும்போதுகூட, தான் ஆசிரியையா, ஆசிரியை மாதிரி நிற்கிறவளா என்ற கேள்வி சில நாள் வந்து போகும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கல்லூரி நிலவியல் படிப்பை மூடுவதாக முடிவெடுத்தது. போன வருடம் புதிதாக யாரும் சேரவில்லை. இருப்பது இரண்டாம் ஆண்டு முடிக்கும் ஏழு பேர். அவர்களைச் சிதம்பரத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்க்கும் பொறுப்பை முதல்வர் எழிலரசியிடம் கொடுத்தார். அவளுடைய வேலையும் மே 31 வரைதான்.

"காலேஜு உங்கள அனுப்பிட்டு, உங்ககிட்டயே எல்லாரையும் அனுப்பச் சொல்லுது பாருங்க மேடம்" என்றார் தலைமை எழுத்தர் தட்சிணாமூர்த்தி. கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே இருப்பவர். எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு இடத்துப் பாடத்திட்டமும் வேறு வேறு. இங்கே நான்காம் பருவத்தில் வரும் பாறையியல் அங்கே மூன்றாம் பருவத்தில் முடிந்துவிடும். இங்கே ஒரே தாளாக இருக்கும் கனிமவியலும் படிகவியலும் அங்கே இரண்டு தாள். பெரிய அட்டையில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் இங்குள்ள பாடம், வலப்பக்கம் அங்குள்ள பாடம் என்று அலகு அலகாகப் பொருத்தினாள். வாரம் ஒரு முறை அட்டையைச் சுருட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். அங்கே மாறி வருகிறவர்களின் பாடங்களைச் சரிபார்ப்பவர் பேராசிரியர் ஆரோக்கியராஜ். அதிகம் பேசமாட்டார். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே போவார். பொருந்தாத இரண்டு தாள்களை மாணவர்கள் கூடுதலாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். களப்பணி மட்டும் பாக்கி, அதற்கு ஏழு நோட்டையும் அவரிடம் விட்டுவந்தாள்.

மே பத்தாம் தேதிக்கு மேல் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "நோட்டெல்லாம் பாத்தம்மா. பதினாலு நாளும் ஒரே தேதியா இருக்குதே. ஒரு நாள்ல பண்ணீங்களா?"

"இல்ல சார். பதினாலு நாளும் போனோம். கையெழுத்துதான் கடைசியா போட்டேன்."

"அன்னன்னைக்கு, அங்கயே போடணும். அதான் விதி. இத சேர்க்கைக் கமிட்டி முன்னால வச்சா களப்பணியே நடக்கலம்பாங்க. களப்பணி இல்லாம மூணாம் வருசம் கிடையாது."

அவள் போனை வைத்தாள். ஏழு பேருக்கும் ஒரு வருடம் போய்விடும். அதில் மாலதிக்குப் படிப்பே போய்விடும். அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். மூன்று வருடம் என்று பேசித்தான் அனுப்பியிருந்தார்கள், நான்காவது கிடையாது.

தட்சிணாமூர்த்தி வழி சொன்னார். "ஏழு நோட்டு புதுசா வாங்குங்க. பசங்கள பாத்து எழுதச் சொல்லுங்க. ஜனவரி தேதிய போட்டு, பேனாவ மாத்தி மாத்தி கையெழுத்து போடுங்க. பொய்யா இது? நடந்ததத்தான எழுதப் போறீங்க."

நடந்ததைத்தானே. எழிலரசி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சக்குப்பத்தில் ஏழு நோட்டும் இரண்டு நிறப் பேனாவும் வாங்கினாள். எப்படி இருக்கும் என்று பார்க்க, தன்னிடம் இருந்த மாலதி நோட்டின் ஜெராக்ஸைத் திறந்து முதலில் தானே எழுத உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பக்கத்தில் ஓர் அளவு அடிக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் மாலதி எழுதியிருந்தாள்: 'காம்பஸ் பக்கத்தில் சுத்தியலை வைத்துவிட்டேன். முள் இழுத்துவிட்டது. மறுபடி எடுத்தேன்.'

எழிலரசியின் பேனா நின்றது. இதை எப்படி நகல் எடுப்பது? சரியான அளவை மட்டும் எழுதினால் அந்தப் பெண் மலையில் நின்ற நாள் காணாமல் போகும். அடித்ததையும் சேர்த்து எழுதினால், அன்று செய்த தவற்றை இன்று செய்வதுபோல் நடிக்க அவளுக்கே சொல்லிக்கொடுத்ததாகும். நான் இவர்களுக்கு இரண்டு வருடமாக என்ன கற்றுக்கொடுத்தேன் என்று கேட்டுக்கொண்டாள். எழுதியிருந்த இரண்டு பக்கங்களைக் கிழித்தாள்.

மே 15 அன்று சிதம்பரத்தில் ஆரோக்கியராஜ் முன்னால் உட்கார்ந்து, "தப்பு என்னோடது சார். பசங்களோடது இல்ல" என்றாள். அந்தச் சுத்தியல் வரியைக் காட்டினாள்.

அவர் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். "நான் நம்புறேம்மா. கமிட்டி என்னைய நம்பாது, தேதியத்தான் நம்பும்."

"கமிட்டி என்னைக்கு சார்?"

"ஜூன் அஞ்சு."

"அப்ப மறுபடியும் பதினாலு நாள் பண்றோம். ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிடுறோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கத்திரி வெயில்லயா?"

"வேற நாள் இல்லையே சார்."

ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "சரி. இடத்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாங்க பாக்க வருவோம். எந்த நாள்னு சொல்லமாட்டோம். வர்ற அன்னைக்கு ஏழு பேரும் இருக்கணும்."

இடத்தின் பெயரை எழுதப் போனவள் நிறுத்தினாள். கேப்பர் மலை என்றால் மாலதி வரமாட்டாள், இது முந்திரிக்கொட்டை பொறுக்கும் மாதம். அண்ணாகிராமத்துச் செம்மண் ஓடைகள் என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தது. பண்ருட்டி பஸ் நிலையத்தில் வெடிச் சத்தம். அதைத் தாண்டி மாலதியின் வீட்டுக்குப் போனாள். மாலதியின் அம்மா கொளஞ்சியம்மாள் கொட்டைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"முந்திரி பொறுக்குற நேரத்துல கல்லு பொறுக்கப் போறாளா? அதான் தையிலயே பதினாலு நாளு போனாளே."

"போனாங்கம்மா. நான்தான் கையெழுத்த தப்பா போட்டுட்டேன்."

"ஒன் தப்புக்கு எம் பொண்ணு எதுக்கு வெயில்ல நிக்கணும்?"

அந்தக் கேள்வியை எழிலரசி பஸ்ஸில் வரும்போதே தன்னிடம் கேட்டிருந்தாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள். "நிக்கக் கூடாதுதான். ஆனா நிக்கலன்னா அவளுக்கு ஒரு வருசம் போயிடும். நானும் கூட நிக்கிறேன். மத்த ஆறு பேரும் இங்கயே வருவாங்க. அவ விடியக்காலம் கொட்டை பொறுக்கிட்டு ஏழு மணிக்கு வந்தா போதும். ஓடை ஒங்க தோப்புக்குப் பின்னாலதான இருக்குது."

கொளஞ்சியம்மாள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "வாத்தியாரம்மா தப்புன்னு ஒத்துக்கிறத இப்பதான் பாக்குறேன்." வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏழு மணிக்கு மேலதான் வுடுவேன். ஒரு மணிக்குத் திரும்பிடணும்."

ஞாயிற்றுக்கிழமை மே 17, புதிதாக வாங்கிய ஏழு நோட்டுகளின் முதல் பக்கம் திறந்தது. செந்தமிழ்செல்வன் பெங்களூரில் மாமா வீட்டிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்திருந்தான். "மிஸ், ஒரே படத்துக்கு ரெண்டு தரம் டிக்கெட்டு எடுக்க வச்சிட்டீங்களே."

"போன தரம் நீ தூங்கிட்ட. இப்பயாவது பாரு" என்றாள் மாலதி. கையில் முந்திரிப்பழக் கறை காயவில்லை.

ஓடை ஆள் உயரத்துக்கு மேல் அறுத்துக்கொண்டு போயிருந்தது. மேலே செம்மண், நடுவே கூழாங்கல் வரி, அடியில் வெளுத்த மணற்பாறை. ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அளந்தார்கள், சாய்வை எடுத்தார்கள், படம் வரைந்தார்கள். பதினொரு மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது. ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். ஒரு மணிக்கு எழிலரசி முந்திரி நிழலில் நோட்டுகளை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்து, சந்தேகம் கேட்டு, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுவாள். அப்படிப் படித்தபோதுதான் இரண்டு பேருக்குச் சாய்வின் திசையே பிடிபடவில்லை என்பது தெரிந்தது. மார்ச்சில் தொண்ணூற்றெட்டுப் பக்கத்தைப் புரட்டியும் அது அவள் கண்ணில் படவில்லை. அவர்களை மட்டும் மறுநாள் தனியே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், எட்டாம் நாள். யாரும் பார்க்க வரவில்லை. "வரவே மாட்டாங்க மிஸ்" என்றான் செல்வன். "வந்தாலும் வராட்டியும் நாளைக்கு ஏழு மணி" என்றாள்.

ஒன்பதாம் நாள் பத்தரை மணிக்குத் தோப்பு வழியாக ஒரு கறுப்புக் குடை வந்தது. ஆரோக்கியராஜ். பஸ்ஸை விட்டிறங்கி நடந்தே வந்திருந்தார். தலைகளை எண்ணினார், ஏழு. பிறகு மாலதி சாய்வு எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து நின்றார். கீழே கிடந்த சுத்தியலை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்து, காம்பஸுக்கு ஒட்டினாற்போல் வைத்தார். எழிலரசி அதைக் கவனித்தாள்.

மாலதி முள்ளைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, "சார், சுத்தியல கொஞ்சம் அந்தாண்ட வைங்க. முள்ளு இழுக்குது" என்றாள்.

அவர் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு அடி தள்ளிப் போய் நின்றார். அவள் அளவை எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். ஒரு மணிக்கு எழிலரசி கையெழுத்துப் போட்ட பிறகு ஏழு நோட்டிலும் அவரும் கையெழுத்திட்டார். 25-5-2009.

மே 30இல் பதினான்கு நாளும் முடிந்தன. மறுநாள் எழிலரசி ஆய்வகச் சாவியை ஒப்படைத்தாள். ஜூன் ஐந்தில் கமிட்டி கூடியது. அன்று மாலை மாலதி கூப்பிட்டாள். குரல் வேகமாக இருந்தது. "மிஸ், ஏழு பேருக்கும் ஆர்டர் போட்டுட்டாங்க. அம்மா ஒங்களுக்குக் கொட்டை எடுத்து வச்சிருக்குது."

அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கடைசி முறையாகக் கல்லூரிக்குப் போனாள். தட்சிணாமூர்த்தி ஏழு சான்றிதழ்களிலும் முத்திரை குத்தி நீட்டினார்.

"எல்லாரையும் ஒரு எடத்துல சேத்துட்டீங்க. ஒங்கள எங்க மாத்துறது மேடம்?"

"அதுக்கும் ஒரு அட்டை வாங்கணும் சார்" என்றாள் எழிலரசி. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவதில் நிறுத்தி அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல இன்னைக்குத் தேதி போடல சார்."