எர்த் குழிக்குத் தண்ணீர்

காயல்பட்டினத்தில் தான் வாடகைக்கு விட்ட வீட்டின் எர்த் குழிக்கு ஷரீபா பீவிதான் வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றுவாள். மண் காய்ந்தால் கசிகிற கரண்ட் பூமிக்குள் இறங்காது என்று வயர்மேன் ஒருமுறை சொன்னதை அவள் மறக்கவில்லை. குடியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள்: "செடியே இல்லாத குழிக்கு அக்கா தண்ணி ஊத்துதாக."

அன்று குடத்தோடு வந்தவள், அங்கே குடியிருக்கிற தனலட்சுமி அடுப்படியில் செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டுவதைப் பார்த்தாள்.

"கிரைண்டர் லேசா சுள்ளுங்குதுக்கா. செருப்புப் போட்டா ஒண்ணும் செய்யாது."

"உம்மவ தவழுதாளே, அவளுக்கும் போட்டுவிட்டியா?"

குடத்தை இறக்கிவைத்து, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவினாள். மூன்று முள்ளில் தடித்த முள்ளைக் காணோம். பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு துளைதான் என்று தனலட்சுமியின் கணவன் செந்தில்முருகன் அதை அறுத்திருந்தான். எர்த்துக்குப் போகிற முள்ளே அதுதான். குழியில் எவ்வளவு ஊற்றினாலும் இந்தக் கிரைண்டருக்குப் பயனில்லை.

"வயர்மேன் பேச்சிராஜ் நாளைக்கு வந்து வீடு முழுக்கப் பாப்பான். அதுவரைக்கும் இதைத் தொடப்படாது."

"இத்தன நாளும் ஒண்ணும் ஆகலியேக்கா?" என்றான் வாசலில் நின்ற செந்தில்முருகன்.

ஷரீபா பீவி ஆட்டாமல் மிச்சமிருந்த அரிசியைச் சட்டியோடு இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, தன் வீட்டில் ஆட்டித்தர அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.